பொருளுக்கு நாம் பட்ட கடன்

ஒரு வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி இன்னும் பழுதின்றிப் படம் காட்டிக்கொண்டிருக்கும்போது, அதை அகற்றிவிட்டுச் சுவரில் மாட்டும் தட்டைத் திரை ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி தர்ம விசாரணைக்கு உரியதுதானா என்று சிலர் வினவக்கூடும். பணமிருந்தால் வாங்குவது, இல்லாவிட்டால் தவணையில் வாங்குவது, அதுவும் முடியாவிட்டால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று அதை எளிதாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. மனிதனுடைய தர்மாதர்மங்கள் யுத்த களத்திலும் நியாய ஸ்தலத்திலும் மாத்திரம் பரீக்ஷிக்கப்படுவன அல்ல. ராஜ்யத்தை ஏற்பதா துறப்பதா என்ற சோதனை நம்மில் எவருக்கும் நேரப்போவதில்லை. ஒரு பெட்டியை வைத்துக்கொள்வதா தள்ளிவிடுவதா என்ற சோதனை எல்லோருக்கும் நேர்கிறது. ஆசை எங்கிருந்து பிறக்கிறது, தேவை எங்கே முடிகிறது, நமக்கு உழைத்த ஒரு ஜடப் பொருளுக்கு நாம் ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறோமா என்னும் பழைய கேள்விகள் அத்தனையும் அந்தச் சிறிய தீர்மானத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

சிவகாசியை அடுத்த எங்கள் நாரணாபுரத்தில் இந்தச் சோதனை ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் வருகிறது. இது மழை குறைந்த பூமி. விவசாயத்தை நம்பிப் பயனில்லை என்று கண்ட இந்த வட்டாரத்தார் 1920களில் தீப்பெட்டித் தொழிலையும், அதைத் தொடர்ந்து பட்டாசையும் அச்சுத் தொழிலையும் கைக்கொண்டார்கள். பிற ஊர்களில் ஜனங்கள் நொந்துகொள்ளும் வெயிலையே மூலதனமாக்கிப் பிழைக்கக் கற்ற ஊர்கள் இவை. திரி வெட்டியும் குழாய் உருட்டியும் மருந்து செலுத்தியும் ஆண்டெல்லாம் உழைத்தவர்களின் கையில் தீபாவளிக்கு முன்னால் போனஸ் பணம் மொத்தமாக வந்து சேர்கிறது. மற்ற மாதங்களில் வாரக் கூலி, வந்த அன்றைக்கே பலசரக்குக் கடைக்கும் வட்டிக்குமாகப் பங்காகிப் போய்விடுகிறபடியால், எதை வாங்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கும் சுதந்திரம் இவர்களுக்கு ஆண்டில் அந்தச் சில நாட்களில்தான் கிட்டுகிறது. தட்டைத் திரையைப் பற்றிய யோசனையும் அப்போதுதான் எழுகிறது.

அகற்றப்படுவதற்குக் காத்திருக்கும் பழைய பெட்டி எது என்பதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அது அரசு கொடுத்த டி.வி. 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் அளித்த வாக்குறுதியின்படி, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள், எல்காட் நிறுவனத்தின் மூலம் கொள்முதல் செய்யப்பட்டு, தமிழகமெங்கும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 14 அங்குல வண்ணப் பெட்டி அது. அந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2013ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி நீதிபதிகள் சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் அளித்த தீர்ப்பு, இத்தகைய வாக்குறுதிகள் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகமாட்டா என்று சொன்னது. ஆயினும் சுதந்திரமான, நியாயமான தேர்தலின் வேரை அவை பெருமளவுக்கு அசைக்கின்றன என்றும் சொல்லி, நெறிமுறைகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அந்த ராஜ்ய விவகாரத்தின் நியாயம் எப்படியிருந்தாலும், அண்டை வீட்டு ஜன்னலோரத்தில் நின்று படம் பார்த்த குழந்தை தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் நிலையை அந்தப் பெட்டி உண்டாக்கியது என்பதை நேரில் கண்டவர்கள் மறுக்கமாட்டார்கள். தானமாக வந்தது என்பதனால் அது அற்பமான வஸ்துவாகிவிடவில்லை.

இந்தப் பெட்டிகளுள் பல, அரசு கேபிளின் செட்டாப் பெட்டியை இணைத்துக்கொண்டு, இன்றும் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றை உடையவர் எங்கள் தெருக்காரர். பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர். சென்ற போனஸ் பருவத்தில் என்னிடம் வந்து, மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொன்னார்.

“அண்ணாச்சி, டி.வி. நல்லாத்தான் ஓடுது. குறை சொல்ல முடியாது. ஆனா பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். வீட்டுக்கு வர்றவங்க உள்ளே நுழைஞ்சதும் முதல்ல அதைத்தான் பாக்குறாங்க. உங்க தங்கச்சி, இதை மாத்துங்க, மாத்துங்கன்னு நிக்குது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

இதற்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்த வினாவை, ‘அயலாரைப் பார்த்து ஆசைப்படாதே’ என்ற ஒரு வாக்கியத்தால் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் தள்ளுகிறவன் யார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அபரிக்கிரகம் என்பது, தேவைக்கு மிஞ்சியதைக் கொள்ளாதிருத்தல் என்ற பொருளில், சமணர் போற்றும் விரதங்களில் ஒன்று. பதஞ்சலியும் அதை யமங்களில் ஒன்றாக வைத்தார். அது பெற்றவன் தானாக ஏற்கும் விரதம். பெறாதவன்மேல் பிறர் சுமத்தும் கட்டளை அன்று. பகலெல்லாம் மருந்துப் புழுதியில் கண்ணெரிய உழைத்துவிட்டு, ஒரு சிறு பொறி தவறினாலும் உயிர்போகும் இடத்திலிருந்து மாலையில் பத்திரமாக வீடு திரும்பிய ஒரு பெண், இரவில் ஒருமணி நேரம் துலக்கமான பெரிய படம் பார்க்க விரும்பினால், அந்த விருப்பத்தை லோபம் என்றும் மோகம் என்றும் பெயரிட்டு இகழும் உரிமை எந்தப் பிரசங்கிக்கும் இல்லை. எங்கள் ஜில்லாவின் தலைநகரான விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தும் தமக்கென்று சொத்துச் சேர்க்காமல், சில வேட்டி சட்டைகளோடு வாழ்ந்து மறைந்தவர். ஆனால் தாம் வேண்டாமென்று விட்டவற்றை ஜனங்களும் விட்டுவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் அணைக்கட்டும் தொழிற்சாலையும் கொண்டுவந்து சேர்ப்பதே தம் காரியம் என்று இருந்தார். எளிமையைப் பற்றிப் பேசத் துணிகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பேதம் அது.

ஆகவே ஆசை என்பதனாலேயே அது குற்றமாகாது. ஆனால், அந்த ஆசை யாருடைய ஆசை என்று கேட்பது குற்றமல்ல, கேட்காமலிருப்பதுதான் பிசகு. 1980களில் தொலைக்காட்சிப் பெட்டி நம் நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில், ஒனிடா என்ற கம்பெனி தன் பெட்டிகளை விற்பதற்குக் கொம்பும் வாலும் உள்ள பச்சை நிறப் பிசாசு ஒன்றை விளம்பரத்தில் நிறுத்தியது. உடையவனுக்குப் பெருமிதமும் அண்டை வீட்டானுக்கு அசூயையும் தருவது இந்தப் பெட்டி என்பதே அந்த விளம்பரத்தின் சாரம். அதை நான் கண்டிக்க எடுத்துச் சொல்லவில்லை. வியாபார உலகம் தன்னைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக வாக்குமூலம் கொடுத்த சந்தர்ப்பம் வேறொன்று எனக்குத் தெரியாது. திருவள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமும், வெஃகாமைக்கு ஓர் அதிகாரமும், அவா அறுத்தலுக்கு வேறோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்ததன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. பிறன் உடைமை கண்டு வேகும் நோய் வேறு, பிறன் உடைமையைத் தனதாக்க விழையும் நோய் வேறு, உடைமை எதுவாயினும் அதன்மேல் ஓயாது படரும் தாகம் வேறு. முதல் இரண்டும் இல்லறத்தான் நீக்கவேண்டியவை என்று அறத்துப்பாலின் இல்லறப் பகுதியில் வைத்த ஆசிரியர், மூன்றாவதை அறுக்கும்படி துறவறத்தானிடம் கேட்கிறார். என் தெருக்காரரிடத்தில் அழுக்காறும் இல்லை, வெஃகலும் இல்லை. அவருக்கு இருந்தது, மகளின் வாழ்வு ஒரு பெட்டியின் பருமனைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது அவர் மனம் அன்று. வாசலில் நின்று வீட்டை அளக்கும் ஊராரின் கண். இதை நான் அவரிடம் சொன்னேன். சம்மதித்தார். சம்மதித்தும் அவர் கேள்வி தீரவில்லை. ஏனெனில் கண்கள் ஊராருடையவையாக இருந்தாலும் அவற்றுக்கு முன்னால் நிற்கப்போகிறவள் அவர் மகள்.

இவ்விடத்தில் என் சிந்தனை ஆசையை விட்டுப் பொருளின் பக்கமாகத் திரும்பியது. புதியது வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், பழையது தன் காரியத்தை முடித்துவிட்டதா என்று கேட்க வேண்டாமா? இந்தக் கேள்வியை நம்முடைய ஆலயங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மிகுந்த கவனத்தோடு கேட்டு விடையும் கண்டிருக்கின்றன. ஜீர்ணோத்தாரணம் என்று அதற்குப் பெயர். ஒரு திருமேனி பழையதாகிவிட்டது என்பதனாலோ, அதைவிட அழகாக வடிக்கும் சிற்பி கிடைத்துவிட்டான் என்பதனாலோ அதை மாற்றிவிட முடியாது. பின்னம், அதாவது சேதம், உண்டா என்று பார்க்க வேண்டும். பின்னம் சிறியதானால் சீர்செய்ய வேண்டும். பிரதான அங்கம் சிதைந்திருந்தால் மாத்திரமே மாற்றுவதற்கு விதி உண்டு. அப்போதும் பழையதைத் தூக்கி எறிவதில்லை. அதிலுள்ள சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூஜிக்கிறார்கள். அதற்குப் பின் பழைய பிம்பம், மரமானால் அக்கினியிலும் கல்லானால் ஆழமான நீரிலும் முறைப்படி சேர்க்கப்படுகிறது. அக்கினி புராணத்தின் ஜீர்ணோத்தார விதியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: புதிதாக ஸ்தாபிக்கப்படுவது பழையதன் அளவிலும், அதே திரவியத்தாலும் அமைய வேண்டும். பழையதற்குப் பதில் வருவது அதைவிடப் பெரிதாக வேண்டும் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியைத் தெய்வ பிம்பத்தோடு ஒப்பிடுவதா என்று யாரும் மனம் நோக வேண்டாம். 1987இல் தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், நாட்டின் பல பாகங்களில் ஜனங்கள் ஸ்நானம் செய்துவிட்டு வந்து, பெட்டிக்கு மாலை சாத்தித் தூபம் காட்டி உட்கார்ந்தார்கள் என்பது யாவரும் அறிந்தது. அதை மூடபக்தி என்று நான் சொல்லமாட்டேன். எதன் வழியாக மேலானது வந்து சேர்கிறதோ அதை வணங்குவது நம்முடைய ஸ்வபாவம். ஆயுத பூஜையன்று அச்சு யந்திரத்துக்கும் திரி வெட்டும் கத்திக்கும் சந்தனப் பொட்டு வைக்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஜீர்ணோத்தாரணத்திலிருந்து எடுத்துக்கொள்வது பூஜையை அன்று, முறையை. மாற்றத்துக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் பொருளின் சிதைவில் இருக்க வேண்டும், மாற்றிய பின் பழையதன் கதி என்ன என்பதற்கு மாற்றுகிறவனே பொறுப்பாளி என்னும் மூன்றும் அந்த முறைக்குள் இருக்கின்றன. சிவகாசி வட்டாரத்து அச்சகங்களில் ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பங்களை வெளியிட்டு, லட்சக்கணக்கில் முருகனையும் லட்சுமியையும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்புகிறோம். வருஷம் முடிந்ததும் அந்தப் படத்தைக் குப்பையில் போட மனமின்றி, சட்டம் போட்டு மாட்டுகிறவர்களையும், அரச மரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்திவைக்கிறவர்களையும் இன்றும் பார்க்கிறோம். காகிதத்துக்கு நாம் காட்டும் அந்தத் தயக்கம் பெட்டிக்கு ஏன் இல்லை என்பது யோசிக்கத் தக்கது.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு, அது பலமானது. பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் பற்றுத்தானே, புதியதின்மேல் செல்லும் ஆசையைக் கண்டிக்கிறவன் பழையதின்மேல் படியும் மமகாரத்தை மாத்திரம் புண்ணியம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். இருபது மைலுக்குள் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் தன் கூந்தலில் சூடிக் களைந்த மாலையைப் பெரியாழ்வார் அசுத்தமென்று விலக்கிப் புதிய மாலை தொடுத்துக் கொண்டுபோக, பெருமான் சூடிய மாலையே வேண்டும் என்றான் என்று வழங்கும் வரலாறு, அன்பு தோய்ந்த பொருள் பழமையால் தாழ்வதில்லை என்று காட்டுகிறது. ஆனால் அந்த மாலையும் ஒருநாள் வாடி விழுந்தது. எவரும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. உபயோகம் தீர்ந்த பின்னும் மூலையில் துணி மூடிக் கிடக்கும் பெட்டி, காப்பாற்றப்பட்ட பொருள் அன்று, கைவிடப்பட்ட பொருளே. ஆகவே ஆக்ஷேபத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். வைத்துக்கொள்வதிலோ விடுவதிலோ தர்மம் இல்லை. ஒரு பொருளை அதன் ஆயுளின் கடைசி வரை கொண்டுசெலுத்துவதில் இருக்கிறது.

அந்தக் கடைசி வரை என்பது எவ்வளவு தூரம் என்பதற்கு, விநய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் வரும் ஒரு சம்பாஷணையைக் காட்டிலும் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை. கௌசாம்பி நகரத்து அரசன் உதயணனின் அந்தப்புரத்து மகளிர், புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரின் உபதேசத்தைக் கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு மேலாடைகளைக் காணிக்கையாக அளித்தனர். துறவி இத்தனை ஆடைகளை வாங்கிக்கொண்டு என்ன செய்வான், ஜவுளி வியாபாரம் செய்வானா என்று அரசனுக்குக் கோபம் மூண்டது. நேரே வந்து கேட்டான். கிழிந்த ஆடை உடைய பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்றார் ஆனந்தர். அவர்களுடைய கிழிந்த ஆடைகளை என்ன செய்வீர் என்றான் அரசன். மேல் விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரையில் விரிப்போம். தரை விரிப்பு நைந்தால்? கால் துடைக்கும் துணியாகும். அதுவும் நைந்தால்? தூசி தட்ட உதவும். அதுவும் போனால்? நறுக்கி மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம். அரசனின் கோபம் தணிந்தது. மேலும் ஐந்நூறு ஆடைகளைத் தானே கொடுத்தான். ஐந்நூறு என்ற எண்ணைக் கேட்டுத்தான் அவன் முதலில் சினந்தான். எண்ணில் தவறில்லை என்று பின்னால் உணர்ந்தான். ஒவ்வொரு நூலும் எங்கே போய் முடியும் என்பதை அறிந்தவன் எவ்வளவு பெற்றாலும் அது பரிக்கிரகம் ஆவதில்லை. அறியாதவன் ஒன்றே ஒன்று பெற்றாலும் அது சுமையே. என் வாதம் முழுவதையும் நான் இந்தச் சம்பாஷணையின்மேல்தான் நிறுத்துகிறேன்.

துணி மண்ணோடு மண்ணாகப் பிசையப்பட்டுத் தரையாகிவிட்டது. நம் பெட்டி அவ்வாறு மண்ணோடு கலந்தால் என்ன ஆகும்? அதற்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். பழைய பெட்டியின் பெரும்பாகம் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். 1897இல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரௌன் அமைத்த கதிர்க் குழாயின் வம்சத்தைச் சேர்ந்தது அது. குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றைகளைப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் முன்னோக்கி இழுக்க, அவை முகக் கண்ணாடியின் உட்புறத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பூசியிருக்கும் ஒளிரும் பொடியின்மேல் மோதிப் படமாகத் தோன்றுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் எக்ஸ் கதிர் பார்க்கிறவர்மேல் படாதிருக்க, முகக் கண்ணாடியில் பேரியத்தையும் ஸ்டிரான்ஷியத்தையும், பின்புறத்துப் புனல் கண்ணாடியில் ஈயத்தையும் கலந்து வார்த்திருக்கிறார்கள். பெரிய குழாய் ஒன்றில் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட ஈயம் அடங்கியிருக்கும். நாரணாபுரத்து வாசகருக்கு இவற்றுள் இரண்டு புதிய பெயர்கள் அல்ல. மத்தாப்பில் பச்சை எரிவது பேரியத்தால். சிவப்பு எரிவது ஸ்டிரான்ஷியத்தால். பேரிய உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் தேதி உத்தரவிட்டது முதல், அந்த ஒரு மருந்தைச் சுற்றி இந்த வட்டாரத்தின் ஜீவனமே ஊசலாடி வருகிறது. அதே பேரியம் நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிக்குள் இத்தனை வருஷமாக நமக்குக் காவலாக இருந்ததென்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

கண்ணாடிக்குள் உறைந்திருக்கும்வரை இவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. பழைய சாமான்காரரிடம் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபின்தான் வினை தொடங்குகிறது. அவருக்கு வேண்டியது குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் தாமிரக் கம்பியும், பலகையில் ஒட்டியிருக்கும் சில உலோகங்களுமே. கழுத்தை உடைத்துக் கம்பியை உருவிக்கொண்டபின், யாருக்கும் வேண்டாத ஈயக் கண்ணாடி ஓடையோரத்திலோ, சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க் கரையிலோ கொட்டப்படுகிறது. பொடியாகிப் போன கண்ணாடியிலிருந்து ஈயம் கசிந்து மண்ணிலும் நீரிலும் சேர்கிறது. ஈயம் சேர்ந்த உடலில் முதலில் கெடுவது குழந்தையின் மூளை. மகளின் கல்யாணத்துக்காக மாற்றிய பெட்டி, அவள் பெறப்போகும் குழந்தையின் தண்ணீருக்குள் திரும்பி வரக்கூடும் என்பது அலங்காரமாகச் சொன்னதன்று. கர்மத்தின் பலன் கர்த்தாவைத் தேடிவரும் என்று சாஸ்திரம் சொல்வதை மறுபிறவி வரைக்கும் கொண்டுபோக வேண்டிய அவசியம் இதில் இல்லை. ஒரு தலைமுறைக்குள்ளேயே, ஒரே கண்மாய்க்குள்ளேயே அது கண்கூடாக நிகழக்கூடியது.

புதிய திரையிலும் இரண்டு பக்கங்கள் உண்டு. அதன் வெளிச்சம் கண்ணுக்கு இதம், இடத்தை அடைப்பதில்லை, அதே அளவுப் படத்துக்குப் பழைய குழாயைவிடக் குறைந்த மின்சாரமே குடிக்கிறது. இந்த மின்சார லாபத்தைக் கடைக்காரர்கள் பெரிதாகச் சொல்லுகிறார்கள். ஆனால் 2016 முதல் தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறபடியால், சிறிய வீடுகளில் அந்த லாபம் ரசீதில் தெரிவதே அபூர்வம். மற்றொரு பக்கம், பழைய பெட்டியில் எது கெட்டாலும் ஊரில் உள்ள மெக்கானிக் பிளைபேக் என்னும் மின்மாற்றியையோ வேறொன்றையோ மாற்றி உயிர் கொடுத்துவிடுவார். புதியதில் ‘பேனல் போச்சு’ என்று அவர் சொல்லிவிட்டால், மாற்றும் செலவு புதுத் திரையின் விலையை நெருங்கிவிடும். ஆனந்தரின் ஆடையைப் போல அது இன்னொன்றாகப் படிப்படியாக இறங்கி வருவதற்கு வழியே வைக்காமல் செய்யப்பட்ட பொருள்.

பொருளை வாங்குகிறவனுடைய பொறுப்பை முன்பே யோசித்தவர் ஒருவர் உண்டு. விருதுநகரிலிருந்து அதிகத் தூரமில்லாத தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதி, காந்தியடிகளின் முன்னுரையோடு 1945இல் வெளியான தம்முடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், மனிதர் இயற்கையோடு கொள்ளும் உறவை ஐந்து படிகளாகப் பிரித்தார். பிறிதோர் உயிரை அழித்துத் தான் வாழும் ஒட்டுண்ணி வாழ்வு அடிப்படி. பிரதிபலன் கருதாத சேவை மேற்படி. பொருளை வாங்கும் ஒவ்வொருவனும் அந்தப் பொருளின் பின்னால் நிற்கும் வாழ்வு முழுவதற்கும் பங்காளி என்பது அவருடைய சித்தாந்தம். மின்னணுப் பொருள்களின் குப்பை இந்த நாட்டில் குவிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே அவர் அதைச் சிந்தித்திருக்கிறார். அவருடைய நூல் எங்கள் ஜில்லாப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இல்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

என் தெருக்காரருக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். பெட்டி படம் காட்டுகிறவரையில் அதை மாற்ற வேண்டிய நிர்ப்பந்தம் உங்களுக்கு இல்லை. ஒரு பெட்டியைப் பார்த்துப் பெண் கொள்ள வருகிறவன் நாளைக்கு வேறொன்றையும் பார்ப்பான். ஆயினும் உங்கள் வீட்டுப் பெண்கள் விரும்பிக் கேட்கிறார்கள், கடன் வாங்காமல் உங்கள் உழைப்பின் பணத்தில் முடியும் என்றால், வாங்குவதில் பாபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: பழையது எங்கே போகப்போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பின் கடைக்குப் போங்கள். ஓடுகிற பெட்டியானால், டி.வி. இல்லாத ஒரு வீடு கேட்டுக் கொடுங்கள்; தனியாக இருக்கும் கிழவி ஒருத்தியின் வீடு நம் ஊரில் கிடைக்காமல் போகாது. ஓடாத பெட்டியானால் உடைக்கக் கொடுக்காதீர்கள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப முதல்ல எங்க அத்தை வீட்டைக் கேட்டுட்டு வர்றேன் அண்ணாச்சி” என்று சொல்லி எழுந்து போனார்.

ஓடாத பெட்டிகளுக்குத் தனி மனிதன் மாத்திரம் வழி காண முடியாது. மின்னணுக் கழிவுகளுக்கான விதிகள் 2012 மே மாதம் முதலே இந்த நாட்டில் அமலில் இருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்து, தயாரிப்பாளர்களே பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மூலம் பழைய பொருளுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று ஆகியிருக்கிறது. சட்டம் இருக்கிறது; நாரணாபுரத்திலிருந்து பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பெட்டியைக் கொண்டு சேர்க்கும் வண்டிதான் இல்லை. ஆகவே, ஒன்றரைக் கோடி வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும் வல்லமை படைத்த அரசு, அவற்றின் அந்திம காலத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊராட்சியும் சிவகாசி மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, போனஸ் பட்டுவாடா ஆகும் வாரத்தில் ஒருநாள், தெருமுனையில் ஒரு லாரியை நிறுத்தி, உடையாத பெட்டிகளை உடையாமலே பெற்றுக்கொண்டால் போதும். அந்த நாள் வரும்வரையில், இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் பழைய பெட்டியைக் கண்மாய்க்குப் போகவிடாமல் வீட்டிலேயே வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.